நான்கு பச்சை விளக்குகள்

பழைய வீட்டுவண்டி வாங்க வருகிறவர்கள் முதலில் இன்ஜினைத் திறந்து பார்ப்பார்கள். பிறகு குனிந்து டயரைப் பார்ப்பார்கள். கூரை ஒழுகுமா என்று ஏணி வைத்து ஏறிப் பார்ப்பவர்களும் உண்டு. பேட்டரியை யாரும் பார்ப்பதில்லை. நாங்களும் பார்க்கவில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டதற்கு, தோன்றுகிற இடத்திலிருந்து என்றீர்கள். எனக்கு பேட்டரியிலிருந்துதான் தோன்றுகிறது.

எங்களுடையது முப்பது வயதான வண்டி. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. இப்படிப்பட்ட வண்டியில் பேட்டரி இரண்டு வகை. இன்ஜினைக் கிளப்புவது ஒன்று. விளக்கு, தண்ணீர் மோட்டார், ஹீட்டர் என்று வீட்டு வேலைகளுக்கு இன்னொன்று. அதைத்தான் வீட்டு பேட்டரி என்போம். எங்கள் வீட்டு பேட்டரி இன்னொரு வேலையும் செய்தது. என் மனைவி மார்னியின் ஆக்சிஜன் மெஷினை ஓட்டியது.

மார்னிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகும் நோய். இருபத்தெட்டு வயதில் கண்டுபிடித்தார்கள். அப்போது நாங்கள் நெப்ராஸ்காவில் இருந்தோம். நான் கல்லூரியில் புள்ளியியல் படித்துவிட்டு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆயுள் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். எந்த வயதில் எத்தனை பேர் இருப்பார்கள், எத்தனை பேர் இருக்கமாட்டார்கள் என்பதே வேலை. மிச்சமிருக்கும் நாட்களை அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டு கழிக்கமாட்டேன் என்றாள் மார்னி. வண்டி வாங்கினோம். குளிர்காலத்தில் அரிசோனா பாலைவனத்தில் வீட்டுவண்டிகள் தங்கும் முகாமுக்கு வந்தோம். தாழ்வான நிலம், வறண்ட காற்று, அவள் மூச்சுக்கு நல்லது என்றார் மருத்துவர். முதல் நாள் மாலை வண்டிப் படியில் உட்கார்ந்து, தூரத்து மலை சிவப்பதைப் பார்த்தபடி, “இங்கேயே இருந்துடலாம் போல இருக்கு” என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

முதலில் தூங்கும்போது மட்டும் மெஷின் தேவைப்பட்டது. இரண்டாவது குளிர்காலத்தில் மதியத் தூக்கத்துக்கும். மூன்றாவதில், அதாவது இப்போது, வண்டியைவிட்டு இறங்கிப் பத்தடி நடப்பதற்கும் தேவைப்பட்டது.

பழைய பேட்டரிகள் ஈய பேட்டரிகள். மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாதிக்குமேல் உறிஞ்சினால் கெட்டுவிடும். ஆனால் அவற்றிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தீரப்போவதை முன்கூட்டியே சொல்லும். விளக்கு மஞ்சளாகும். தண்ணீர் மோட்டார் இழுத்து இழுத்து ஓடும். மெஷினின் சத்தம் ஒரு படி இறங்கும். மார்னி என் விலாவில் இடித்து, “உன் பேட்டரிக்கு மஞ்சக்காமாலை வந்திருச்சு, எழுந்திரு” என்பாள். நான் எழாவிட்டால் அவளே முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுவிட்சை அழுத்துவாள். பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டரைக் கிளப்பவும் வீட்டு பேட்டரிதான் வேண்டும். அது தீர்ந்துவிட்டால் இன்ஜின் பேட்டரியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக் கிளப்புவதற்கான சுவிட்ச் அது. தான் எடுத்துக்கொள்ளும் சிகிச்சைகளில் உடனே பலன் தெரிவது அது ஒன்றுதான் என்பாள்.

நவம்பரில் ஈய பேட்டரிகள் ஓய்ந்துவிட்டன. மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னது ட்வைலா.

ட்வைலா பிராண்ட்வால்டை நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். முகாமில் எங்களுக்கு அடுத்த வண்டி அவளுடையது. வடக்கு டகோட்டாவில் இருபது வருடம் மின்கம்பம் ஏறியவள். இப்போது தனியாகச் சுற்றுகிறாள். முகாமில் யாருக்கு எந்த ஒயர் வேலை என்றாலும் அவள்தான். கூலியாகப் பழம் வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் வாங்கிக்கொள்வாள். ஆப்பிள் பை மட்டும்தான். பூசணிப் பை கொடுத்தவர்களின் ஒயரைத் திரும்பவும் அவிழ்த்துவிடுவதாகச் சொல்வாள். என்னைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவாள்.

என்ன பேட்டரி போடலாம் என்று ஒரு வாரம் பேசினோம். மறுபடியும் ஈயமா, ஜெல் வகையா, லித்தியமா. நான் அட்டவணை போட்டேன். எடை, ஆயுள், எத்தனை மணி நேரம். ட்வைலா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தாள். மார்னியின் மெஷினுக்கு லித்தியம்தான் என்றாள். அடி வரைக்கும் உறிஞ்சலாம். நான்கு போட்டால், நிரம்பியிருக்கும்போது மெஷின் பதினான்கு மணி நேரம் ஓடும். நான்கு வாங்கினேன்.

இனி நான் எழுதுவதில் ஒவ்வொன்றும் சரியான வேலை. எந்த நிபுணரைக் கேட்டாலும் சரி என்பார்.

லித்தியம் பேட்டரியை உறைகுளிரில் சார்ஜ் செய்யக்கூடாது. ஜனவரி விடியலில் இங்கே தண்ணீர் உறையும். ஆகவே வெளிப்பெட்டியில் இருந்த பேட்டரியை உள்ளே, கட்டிலுக்கடியில் வைத்தோம். கட்டிலுக்கடியில் மார்னியின் அவசர ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. மின் இணைப்புகளுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இருக்கக்கூடாது. அதைத் தூக்கி, காலியான வெளிப்பெட்டியில் வைத்தேன். முகாமில் திருட்டு இருந்தது. பெட்டியைப் பூட்டினேன். சாவி, ஊருக்குப் போய்வர நாங்கள் தனியாக வைத்திருந்த டிரக்கின் சாவிக்கொத்தில். இன்னொரு சாவி செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது அந்த சுவிட்ச். லித்தியம் பேட்டரி பசி அதிகமுள்ளது. இன்ஜினோடு இணைப்பு இருந்தால் இன்ஜினின் சார்ஜரை இழுத்து எரித்துவிடும். இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ட்வைலா சொன்னாள், நான் துண்டித்தேன். சுவிட்ச் மட்டும் பார்வைக்கு அதன் இடத்திலேயே இருந்தது. அதைக் கழற்றினால் பலகையில் ஓட்டை தெரியும். மார்னியிடம் அன்று மாலை சொல்லலாம் என்றிருந்தேன். அன்று மாலை அவள் பக்கத்து வண்டிக்காரர்களோடு சீட்டாடப் போனாள்.

இவை டிசம்பரில். இதுவரை என் மனதில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி இரண்டாம் வாரம் ஃபீனிக்ஸ் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. நுரையீரல் மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். பக்கத்திலேயே தங்கியிருக்க வேண்டும், எந்நேரமும் கூப்பிடுவார்கள். அவள் அக்கா லியானின் வீடு மருத்துவமனையிலிருந்து இருபது நிமிடத்தில் இருந்தது.

மார்னி அழுதாள். பிறகு முட்டை பொரித்துக்கொடுத்து என்னையும் சாப்பிடச் சொன்னாள்.

“லியான் அடுத்த வாரம் சனிக்கிழமை வர்றா” என்றாள். “நீ வண்டியை எடுத்துக்கிட்டு வந்தாலும் சரி, இங்கேயே விட்டுட்டு வந்தாலும் சரி.”

நான் பேட்டரி புதிது என்றேன். இனிமேல் பதினான்கு மணி நேரம் கவலையில்லை என்றேன்.

“அங்க சுவத்துல ப்ளக் இருக்கு, கோல்பி” என்றாள். “சுவத்துல. சொருகினா போதும். இன்னும் எத்தனை மணி நேரம்னு யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. நீயும் தூங்கலாம்.”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். இரண்டரை வருடமாக அவள் இழுத்த ஒவ்வொரு மூச்சும் எந்த பேட்டரியிலிருந்து, எந்த ஒயர் வழியாக வருகிறது என்று எனக்குத் தெரியும். வெயில் எவ்வளவு, மேகம் எவ்வளவு, அவளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டபடியே கண்விழித்தேன். சுவர் ப்ளக்குக்கு என் கணக்கு தேவையில்லை. இது காரணம் என்று சொல்லவில்லை. காரணம் வேறு. அந்தச் சிகிச்சை செய்துகொண்டவர்களில் பாதிப் பேர்தான் ஆறேழு வருடம் தாண்டுகிறார்கள். நெஞ்சைப் பிளந்து, குழாய்களைச் செருகி, சன்னலில்லாத அறையில் கிடந்து போவாள். இங்கேயே இருந்துவிடலாம் என்று சொன்னவள் அவள். எனக்கு அட்டவணை படிக்கத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

அந்த வாரத்தில் செய்தது இரண்டுதான். அவையும் சரியான வேலைகளே.

ஆக்சிஜன் மெஷினில் மின்சாரம் போனால் கத்துகிற ஒரு மணி உண்டு. அதற்கென்று சின்னதாகத் தனி பேட்டரி. ஜெனரேட்டர் கிளம்பும்போதெல்லாம் ஒரு நொடி மின்சாரம் மாறும், மணி அலறும். “அதைப் பிடுங்கிப் போடு. நான் போறதுக்கு முன்னாடி என் காது போயிரும்” என்றாள் மார்னி. பிடுங்கினேன். அவளே கேட்டதால் பிடுங்கினேன்.

இன்னொன்று மீட்டர். சமையல் மேடைக்கு மேல், வண்டி செய்த காலத்துப் பலகை ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் நான்கு பச்சை விளக்குகள். நான்கும் எரிந்தால் நிறைவு, ஒன்று எரிந்தால் தீரப்போகிறது. ஈய பேட்டரிக்குச் செய்தது அது. பேட்டரி இளைக்க இளைக்க அழுத்தம் குறையும், விளக்கு ஒவ்வொன்றாக அணையும். லித்தியம் அப்படியில்லை. கடைசிச் சொட்டு வரை அழுத்தம் அப்படியே நிற்கும். முகாமில் லித்தியம் மாற்றியவர்களில் பாதிப் பேர் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஒருவருக்கு ஃப்ரிட்ஜ் நின்று ஒரு மான் தொடை முழுக்கக் கெட்டது. அதற்காகவே தனி மீட்டர் விற்கிறார்கள். உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிச் சொல்வது.

ட்வைலா இதை என்னிடம் சொன்னாளா என்று அவளிடம் கேட்டீர்கள். நினைவில்லை, சொல்லாமல் விட்டிருக்கலாம், தவறு தன்னுடையதுதான் என்று அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னாள். டிசம்பர் ஒன்பதாம் தேதி, எங்கள் கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியோடு சொன்னாள்.

“ஏம்ப்பா பட்டதாரி, பழைய பேட்டரி சாகறதுக்கு முன்னாடி பத்து நாள் முனகும். இது முனகாது. சிரிச்ச மூஞ்சியோட இருந்து பொசுக்குனு போயிரும். மீட்டர் மாட்டாம அந்த நாலு லைட்டை நம்புனே, உன்னை நானே கொன்னுடுவேன்.”

மீட்டருக்குச் சொல்லியிருக்கிறேன், அஞ்சலில் வருகிறது என்றேன். நிலையான முகவரி இல்லாத எங்களுக்கு எல்லாம் ஊர் அஞ்சலகத்துக்குத்தான் வரும், போய்க் கேட்டு வாங்க வேண்டும். ட்வைலா இரண்டு முறை கேட்டாள். வரவில்லை என்றேன். ஜனவரி பதினைந்தாம் தேதி, திங்கட்கிழமை, அது வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அஞ்சலகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பெட்டி பிரிக்காமல் டிரக் இருக்கைக்கடியில் இருக்கிறது. மாட்ட இருபது நிமிடம் ஆகும். மாட்டவில்லை.

எந்த இடத்தில் முடிவெடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். எனக்கும் அது தெரிந்தால் நன்றாக இருக்கும். திங்கட்கிழமை டிரக்கில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. பெட்டியை இருக்கைக்கடியில் வைத்தேன். கை வைத்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மேகம். கூரையில் இருக்கும் சோலார் பலகைகள் ஒன்றும் தரவில்லை. புதன் மாலை ஜெனரேட்டரை இரண்டரை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினேன். சத்தம் நின்றதும் மார்னி புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள். போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். அவள் மறுபடியும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் அவள் என்னை ஒருநாளும் இரண்டாவது முறை கேட்டதில்லை.

வியாழக்கிழமை காலை அவள் எழுந்தபோது பேட்டரியில் மிச்சமிருந்தது மெஷினுக்கு ஒன்றரை மணி நேரம். ஹீட்டரின் காற்றாடியையும் கழித்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மீட்டர் இல்லாமலே எனக்குத் தெரியும். காலை முழுவதும் அவள் மெஷின் இல்லாமல் உட்கார்ந்து பை அடுக்கினாள். நான்கு துணி மடிப்பாள், இளைப்பாறுவாள். பெரிய நீலப் பை. என் சட்டைகளையும் அதில் வைத்தாள். அவை அங்கே தேவைப்படாது என்று எனக்குத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு, ஊருக்குப் போய்க் குடிதண்ணீர் பிடித்துவருகிறேன் என்றேன். ஒரு மணிக்கு அவள் படுப்பாள். வழக்கமாக இரண்டரை வரை தூங்குவாள். அவள் மேடையருகே போய்ப் பொத்தானை அழுத்தினாள்.

“நாலும் எரியுது” என்றாள். “நிம்மதியா போயிட்டு வா. வரும்போது ரை ரொட்டி வாங்கிட்டு வா, லியானுக்குப் பிடிக்கும்.”

நான் போனேன். தண்ணீர் பிடித்தேன். ரொட்டிக்கடையில் ரை ரொட்டி தீர்ந்திருந்தது. அடுத்தது வெந்துகொண்டிருக்கிறது, நாற்பது நிமிடம் ஆகும் என்றாள் கடைப்பெண். காத்திருக்கிறேன் என்றேன். அங்கே சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. இரண்டு மணி அடித்தபோது பார்த்தேன். முகாமுக்குப் பன்னிரண்டு நிமிடம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்க முடியாது என்று இல்லை. கால்கள் நன்றாகத்தான் இருந்தன. யாராவது வந்து என்னை எழுப்பினால் எழுந்திருப்பேன் என்று தோன்றியது. யாரும் வரவில்லை. ரொட்டி வந்தது. சூடாக இருந்தது.

மூன்றேகாலுக்கு வண்டிக்குத் திரும்பினேன். ட்வைலாவின் கதவைத் தட்டினேன். அவள் ஓடிவந்து மார்னியின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள். ஒரு விளக்கும் எரியவில்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவ அதிகாரி நோயால் மரணம் என்று எழுதினார். முகாமே வந்தது. பழைய பலகையை நம்பியது யாருக்கும் நேரக்கூடியது என்றார்கள். மான் தொடை கெட்டுப்போனவர் என் தோளில் கைவைத்து, தனக்கும் இப்படித்தான் ஆனது என்றார். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கே தெரிந்து, வெளியே போய்விட்டார். லியான் சனிக்கிழமை வந்தாள். நீலப் பையைத் திறந்து, என் சட்டைகளை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

நேற்று ட்வைலா தன் கருவிப்பெட்டியை முகாம் நுழைவாயிலில் வைத்துவிட்டாள், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு என் வண்டிப் படியில் வந்து உட்கார்ந்தாள். அன்று இரண்டு மணி வாக்கில் ஹார்ன் சத்தம் ஒன்று கேட்டதாகச் சொன்னாள். முதலில் நீளமாக ஒன்று, பிறகு சின்னதாக ஒன்று. முகாமின் கடைசியில் இருக்கும் வண்டிக்காரர் தன் நாயைத் தினமும் அப்படித்தான் கூப்பிடுவார்.

“நாயைத்தான் கூப்பிடறாருன்னு நினைச்சுட்டேன், கோல்பி” என்றாள். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல்முறை. “சூப்பு கிண்டிக்கிட்டு இருந்தேன். எட்டிப் பார்த்திருக்கலாம்.”

அதனால்தான் நானே உங்களிடம் வந்தேன். அவள்மேல் தவறில்லை. அவள் எல்லாவற்றையும் சொன்னாள், எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாள். மார்னியின் மூச்சு எத்தனை மணிக்கு நிற்கும் என்று நான் அறிந்திருந்தேன், அது நிற்கும்வரை ரொட்டிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். கொன்றது நான். இதில் எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன்.

ஆனால் உங்கள் கேள்வி ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. தூங்குகிறவள் எப்படி ஹார்ன் அடிப்பாள் என்கிறீர்கள். நான் திரும்பியபோது அவள் ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள், உண்மைதான். நெற்றி ஸ்டியரிங்கில் இருந்தது. வலது கட்டைவிரல் அந்த சுவிட்சின் மேல் இருந்தது, எடுக்கக் கொஞ்சம் சிரமமாக இருந்தது. ஆனால் அவள் வலி தெரியாமல் தூக்கத்தில்தான் போனாள். எனக்குத் தெரியும். அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையில் கிடத்தி, கண்ணை மூடி, குழாயை மூக்கில் சரியாக வைத்துப் போர்த்திவிட்டது நான்தான். அதன்பிறகுதான் ட்வைலாவைக் கூப்பிட்டேன்.